வாவியைக் கடந்தால்தான் மட்டக்களப்பு: பழைய துறையூரை மூன்று நாளில் பார்க்க ஒரு வழிகாட்டி

கோட்டைச் சுவரில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "துறைமுகம் எந்தப் பக்கம்?" என்று கேட்காத விருந்தாளி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்களுக்குத் துறைமுகம் என்றால் பாரந்தூக்கியும் கப்பலும் களஞ்சியமும்தான். இங்கே கண்ணில் படுவதோ அலையில்லாத வாவித் தண்ணீர், ஒன்றிரண்டு தோணி, எதிர்க்கரையில் கண்டல் பற்றை.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நீங்கள் பார்க்கிற வாவி முழுவதுமே துறைமுகம். நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். கரையோர ஊர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். அம்பிளாந்துறை, துறைநீலாவணை, இன்னும் தெற்கே போனால் சம்மாந்துறை. சம்பான் என்ற தோணிகள் வந்து அடைந்த துறை என்பதால் சம்பான்துறை, அதுவே சம்மாந்துறை ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சிறிய தோணிகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, வாவியின் இரு கரையிலும் உள்ள துறைகளுக்குச் சாமான் கொண்டுபோகும், நெல் ஏற்றி வரும். களப்பு என்றாலே ஆழம் குறைந்த உப்புநீர்ப் பரப்பு. ஊரின் பெயரிலேயே துறையின் குணம் இருக்கிறது.

ஆகவே கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே பாசிக்குடாவுக்குப் புறப்படுகிறவர்கள் பாதி ஊரைக்கூடப் பார்க்காமல்தான் போகிறார்கள். மூன்று நாள் ஒதுக்குங்கள். மூன்றாவது நாள் கட்டாயம் வாவியைக் கடக்க வேண்டும். இந்த வழிகாட்டியை அதற்காகவே எழுதுகிறேன்.

எப்போது வருவது

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும். சில வருடங்களில் வெள்ளம் வீதிக்கு மேலே ஓடும். அந்த நேரத்தில் வாவி நிரம்பி வழிய, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். அதைப் பார்ப்பதே ஒரு அனுபவம், ஆனால் பயணத்துக்கு ஏற்ற காலம் அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். மேற்கே மலையைத் தாண்டி வரும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிற காற்று அது, அதனால் வெயில் சுடும். கடல் அமைதியாக இருப்பதும், வாவியில் மீன் பாடுவதும், கோயில் திருவிழாக்கள் வரிசையாக வருவதும் இதே மாதங்களில்தான். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் சமாளிக்கலாம்.

நாள் குறிக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். பறுவத்துக்கு, அதாவது பௌர்ணமிக்கு, முன்னும் பின்னும் இரண்டு நாள் உள்ளே வருகிற மாதிரி வையுங்கள். காரணத்தை முதல் நாள் இரவில் சொல்கிறேன். பறுவ நாள் போயா விடுமுறை என்பதால் கந்தோர்கள் (அலுவலகங்கள்) பூட்டியிருக்கும், ரயிலும் நிறைந்திருக்கும். வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும். வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும் பல கண்ணகி கோயில்கள் அந்தச் சில நாட்களுக்குத்தான் கதவு திறக்கின்றன. ஆடி அமாவாசைக்கு வந்தால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். மாவட்டமே அந்தக் குளத்தடியில் கூடி நிற்கும், பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்களும் கச்சான் (நிலக்கடலை) விற்கிறவர்களும் ஒன்றாக.

வந்து சேர்வது

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 315 கிலோமீற்றர். ரயிலைத்தான் சொல்வேன். 1928இல் இந்தப் பாதை மட்டக்களப்பு வரை வந்தது, இன்றும் கடைசி நிலையம் இதுவே. பகலில் வர உதயதேவி, இரவில் வர மீனகயா. பகல் ரயிலில் வந்தால் வெலிக்கந்தை, புனானை தாண்டி வரண்ட காடும் வெட்டையும் மெல்லப் பச்சை வயலாக மாறி, வாழைச்சேனை, ஏறாவூர் என்று கடல் வாசனை ஏறுவதைப் பார்க்கலாம். இருக்கையை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். கண்டியிலிருந்து பஸ் மகியங்கனை வழியாக வரும், செங்கலடியில் பெரிய வீதியைத் தொடும். திருகோணமலையிலிருந்து கரையோரமாக வெருகல், வாகரை வழியாக வருவது அழகான பயணம்.

தங்குவதற்கு நகரத்தின் பழைய பகுதியான புளியந்தீவும் நல்லது, பாலத்துக்கு அப்பால் உள்ள கல்லடியும் நல்லது. எனக்குக் கல்லடிதான் பிடிக்கும். விடிய எழும்பிப் பழைய பாலத்தில் நடக்கலாம், பின்னேரம் கடற்கரைக்கும் நடந்தே போகலாம்.

முதல் நாள்: புளியந்தீவு

நகரத்தின் பழைய பகுதி ஒரு தீவு என்பது பலருக்கு அங்கே நடக்கும்போது தெரிவதில்லை, பாலங்கள் அவ்வளவு இயல்பாகச் சேர்த்துவிட்டன. காலை ஆறரைக்கே இறங்கிவிடுங்கள். நான் தங்கவைத்த ஒரு சிநேகிதரிடம் வீட்டுக்கார அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "வெள்ளென போய்ட்டு வாங்க மகன், மறுகா வெயில் ஏறிரும்." இந்த 'மறுகா' என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு, அப்புறம் என்று பொருள். இந்த ஊரில் ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துத் தடவையாவது காதில் விழும்.

காந்தி பூங்காவிலிருந்து தொடங்கலாம். வாவிக் கரையில் இருக்கிற இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் மட்டக்களப்பு வாசல் என்று ஒரு சிறிய அலங்கார வாயில் நிற்கிறது. வீதிகள் வருவதற்கு முன் ஊருக்குள் வருகிறவர்கள் தோணியில் வந்து கரையேறிய பக்கம் இது. அருகில் வில்லியம் ஓல்ட்டின் சிலை. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி அவர். அந்த வருடமே பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கி, அடுத்த வருடமே நோயில் இறந்துபோனார். அவர் தொடங்கியது இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஒரு வருடம்கூட முழுதாக வாழாத ஊரில் இருநூறு வருடத்துக்கு மேல் ஓடுகிற ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். இந்தத் தீவுக்குள்ளேயே புனித மிக்கேல் கல்லூரியும் வின்சன்ட் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் இருக்கின்றன. ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளிலும் ஓட்டோவிலும் பாலத்தைத் தாண்டி வருவதை ஒரு ஓரமாக நின்று பாருங்கள். நகரத்தின் காலை அதுதான்.

அங்கிருந்து கோட்டை கிட்ட. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் கப்பலோடு வந்து இந்தக் கரையில் இறங்கித்தான் கண்டி அரசனைக் காணப் போனார். 1628இல் போர்த்துக்கீசர் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1638 மே மாதத்தில், இரண்டாம் இராஜசிங்கனின் படையும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்குப் போன முதல் போர்த்துக்கீசக் கோட்டை இதுதான். அதே மாதம் இங்கேயே ஒப்பந்தமும் எழுதப்பட்டது. கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தால் கறுவாவும் வியாபாரமும் உங்களுக்கு என்ற அந்த ஒப்பந்தத்தின் சொற்களை வைத்துத்தான் பிறகு கண்டி அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் பிணக்கு வந்தது. ஒரு தீவின் அடுத்த நூற்றைம்பது வருடத்தை முடிவு செய்த இடம் இவ்வளவு சிறிதா என்று தோன்றும். நான்கு கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. அவ்வளவுதான்.

நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியதும் இதற்குள்தான். பிறப்புச் சான்றுக்கும் காணிப் பத்திரத்துக்கும் ஊர்ச் சனம் நடையாய் நடந்த கோட்டை. என்னைப் போன்றவர்களுக்கு இது போர்த்துக்கீசக் கோட்டை என்பதைவிட அப்பாவோடு வரிசையில் நின்ற இடமாகத்தான் மனதில் இருக்கிறது. வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிழமை நாளில் போங்கள். மேலே ஏறினால் பழைய பீரங்கிகள் வாவியைப் பார்த்தபடி கிடக்கின்றன. நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் இதுதான். இப்போது தெற்கே பாருங்கள். நீர் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கணக்கிடுங்கள். கோட்டை ஏன் கடலைப் பார்த்து நிற்காமல் வாவிக்குள் நிற்கிறது என்பது விளங்கும்.

ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். புனித மரியாள் பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் இரண்டும் நடை தூரம். சந்தைக்கும் போங்கள், வாங்குவதற்கு இல்லாவிட்டாலும். இறாலும் நண்டும் கொடுவாவும் வாவியிலிருந்து வந்ததா கடலிலிருந்து வந்ததா என்று கேட்டுத்தான் இங்கே சனம் வாங்கும். விலையும் அதைப் பொறுத்துத்தான். காய்ந்த கூனி இறாலைச் சிறு குவியலாக வைத்திருப்பார்கள். தேங்காய்ப்பூவோடு வறுத்தால் ஒரு கோப்பைச் சோறு தானாக இறங்கும்.

மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை வெளியே திரிய வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். ஊரும் அப்படித்தான் செய்கிறது.

பின்னேரம் ஓட்டோ பிடித்துப் பார் வீதி வழியாகப் பாலமீன்மடுவுக்குப் போங்கள். முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது, 28 மீற்றர் உயரம். வாவியும் கடலும் சந்திக்கிற வாய் இது. தெற்கே கல்லாற்றில் இன்னொரு வாய் உண்டு. காலையில் கோட்டையிலிருந்து பார்த்த நீர்ப்பரப்பின் கதவு எவ்வளவு ஒடுக்கம், எவ்வளவு மணல் என்று இங்கே நின்றால்தான் தெரியும். பெரிய கப்பல் உள்ளே வர முடியாததும், சிறிய தோணிகளை வைத்துத் துறை வாழ்ந்ததும் இந்த மணலால்தான்.

அன்று இரவு: மீன் பாட்டு

"மீன்பாடும் தேன்நாடு" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, பாட்டைக் கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். கேட்க வேண்டுமென்றால் முறை இருக்கிறது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பறுவத்தை ஒட்டிய இரவுகள், காற்று அடங்கியிருக்க வேண்டும். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணிக்காரரைப் பின்னேரமே பேசி வையுங்கள். ஒன்பது பத்து மணிக்கு மேல், வீதிச் சத்தம் குறைந்த பிறகு, பாலத்தடிக்குப் போய்த் தோணியை அசையாமல் நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியைக் காதோடு அழுத்தி வையுங்கள். மரத்தின் வழியே சத்தம் வரும்.

நான் முதல் தடவை போனது மோட்டார் பூட்டிய படகில். படகுக்காரர் கடைசிவரை இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒன்றுமே கேட்காமல் திரும்பினோம், எல்லாம் கட்டுக்கதை என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வருடம் துடுப்புத் தோணியில் போனபோது கேட்டது. பாட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். தந்தியை யாரோ தூரத்தில் இருந்து மெல்லத் தட்டுவது போல, ஒன்று நிற்க இன்னொன்று, ஒரே சுருதியில் இல்லாமல். 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டு விரிவாக எழுதியிருக்கிறார். 'மீன் இல்லை, ஊரிதான் பாடுகிறது' என்பது பழைய மீனவர்களின் பேச்சு. ஊரி என்பது சிறிய சிப்பிச் சங்கு வகை.

தோணிக்காரருக்குப் பேசிய காசைக் கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் கையில் இல்லை.

இரண்டாம் நாள்: கல்லடி, டச்பார், காத்தான்குடி

விடியற்காலை பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து தொடங்குங்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். ஒரு வாகனம் போகிற அகலம்தான். ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடியும்வரை மறுபக்கம் காத்துக்கிடக்கும். எங்கள் தலைமுறைக்குப் பாதி நட்பு அந்தக் காத்திருப்பில் வளர்ந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பழையது நடப்பவர்களுக்கும் வீச்சுவலைக்காரர்களுக்கும் உரியதாகிவிட்டது. வலை விரிந்து விழுகிற வட்டத்தைப் படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை. கேட்டுவிட்டு எடுங்கள், மறுக்கமாட்டார்கள்.

பாலம் தாண்டினால் கல்லடி உப்போடை. சுவாமி விபுலாநந்தர் நடத்திய சிவானந்தா வித்தியாலயமும், அவருடைய சமாதியும் இங்கே. 1892இல் காரைதீவில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் வெளிவந்ததும், அவர் மறைந்ததும் 1947இல்தான். வாவியில் கேட்கிற இந்த ஒலியை நீரர மகளிரின் இசை என்று பாடியவரும் அவர்தான். முந்தின இரவு துடுப்பில் காது வைத்துவிட்டு, மறுநாள் காலை அவருடைய சமாதியில் நிற்பது ஒரு நல்ல வரிசை. அதனால்தான் நாட்களை இப்படி அடுக்கினேன்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் திருச்செந்தூர் முருகன் கோயில், டச்பார், நாவலடி. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு நாக்கு நிலம். ஓடுவதற்கு இடம் இருக்கவில்லை. திருச்செந்தூர்க் கோயிலின் கோபுரம் அன்று சரிந்தது, விழவில்லை. டச்பாரில் இருந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தன. போர்த்துக்கீசம் கலந்த தங்கள் மொழியை வீட்டில் பேசிவந்த சமூகம் அது. தச்சும் இரும்பு வேலையும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். கல்யாண வீட்டில் கப்றிஞ்ஞா ஆடுவார்கள். 1638இல் துரத்தப்பட்டவர்களின் பேச்சு நாலு நூற்றாண்டு கழித்தும் இந்த மணலில் கேட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. நினைவுத்தூண்களுக்கு முன்னால் சத்தமாகப் பேச வேண்டாம். பெயர்களை வாசியுங்கள்.

பத்து மணிக்குக் காத்தான்குடி. நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். வீதி நடுவில் ஈச்சமரங்கள் தொடங்கினால் வந்துவிட்டீர்கள். சிறிய நிலத்தில் இவ்வளவு நெருக்கமாக வீடும் கடையும் பள்ளிவாசலும் உள்ள ஊர் கிழக்கில் வேறு இல்லை என்றே சொல்வேன். துணிக்கடை, சாரன் (லுங்கி) கடை, பாத்திரக்கடை என்று இரண்டு மணித்தியாலம் போவது தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை இராது. இரண்டையும் கணக்கில் எடுங்கள். உடை அடக்கமாக இருக்கட்டும். கடைக்காரரைக் 'காக்கா' என்று கூப்பிடலாம், இங்கே அது அண்ணன். பூர்வீக நூதனசாலையை விடாதீர்கள். முஸ்லிம்களின் பழைய வீடு, தொழில், கடல் வியாபாரம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிறது.

மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட அடையாளங்களை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 3 இரவு, இங்கும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாளை நீங்கள் போகப்போகிற கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும் 1987இலும் 1991இலும் நடந்த படுகொலைகளின் நினைவிடங்கள் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே மரியாதையோடு நில்லுங்கள். யாரும் உங்களிடம் தீர்ப்புக் கேட்கப்போவதில்லை, கதை சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தாலும், வீட்டு வழக்கம் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனிப்பீர்கள். குடி என்ற குலப் பிரிவு தாய்வழி வருவது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடி பார்த்து வந்த பொறுப்புகள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது இரண்டு பக்கத்திலும் உண்டு. ஒரே ஒழுங்கையில் அக்கா தங்கை வீடுகள் வரிசையாக இருப்பதன் காரணம் இதுதான். ஓட்டோக்காரர் தன் வீட்டை 'மனிசிர வீடு' (மனைவியின் வீடு) என்று சொன்னால் வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

பின்னேரம் கல்லடிக் கடற்கரை. குடும்பம் குடும்பமாக வந்து மணலில் இருப்பார்கள். கச்சான் வாங்கிக்கொண்டு நீங்களும் இருங்கள். இரவுக்கு நகரத்தில் கொத்துரொட்டி சத்தம் கேட்கும் கடை எதுவும் சரி.

மூன்றாம் நாள்: படுவான்கரை

சூரியன் எழுகிற கரை எழுவான்கரை, படுகிற கரை படுவான்கரை. வாவிக்குக் கிழக்கும் மேற்கும். இதுவரை நீங்கள் நடந்ததெல்லாம் புளியந்தீவும் எழுவான்கரையும். அங்கே கடல், கடை, கந்தோர். படுவான்கரையில் வயல், குளம், மாட்டுப்பட்டி. மட்டக்களப்புச் சோறும் தயிரும் அங்கிருந்துதான் வருகின்றன, கூத்தும் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் ஓட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். விலையைப் புறப்படும் முன் பேசுவது நல்லது. ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும்.

காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனையில் மேற்கே திரும்பினால் பாலம். 2014இல் திறந்தது. அதற்கு முன் இந்த இடத்தில் பாதைதான். 'பாதை' என்றால் வீதி என்று நினைக்காதீர்கள். ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதக்கும் தட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பிரசவ வலியோடு பாதைக்காகக் கரையில் காத்திருந்த பெண்களின் கதை படுவான்கரையில் எந்த வீட்டிலும் கிடைக்கும். பாலத்தைக் கடக்கச் சில நிமிடம்தான் ஆகும். நடுவில் நிறுத்தி, அந்தச் சில நிமிடம் முன்பு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் காலைப் பூசைக்கு நிற்கலாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். தேரை அலங்காரப் பொருளாகப் பார்க்காமல், எத்தனை ஊர்ச் சனம் எந்தெந்த உரிமையோடு வடம் பிடிக்கிறது என்று அங்குள்ள பெரியவர் யாரையாவது கேளுங்கள். வாவிக்கரை ஊர்களின் உறவுமுறை முழுவதும் அந்த வடத்தில் இருக்கிறது.

பசித்தால் வீதியோரக் கடையில் பிட்டும் மீன் ஆணமும் கேளுங்கள். ஆணம் என்பது குழம்பு. வாவி மீன் என்றால் புளி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கூடவே எருமைத் தயிர். கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருக்க வேண்டும், சட்டியைச் சரித்தாலும் வழியக்கூடாது. அதுதான் நல்ல தயிருக்கு அடையாளம். இந்தத் தயிருக்குப் பின்னால் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகள் பறிபோவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை அறியாமல் தயிரை மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. மாடு மேய நிலம் இல்லையென்றால் சட்டியும் இல்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து தெற்கே, வாவியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு, வெல்லாவெளி என்று போகலாம். வயல் விதைத்த காலமென்றால் இருபக்கமும் பச்சை, வெட்டு முடிந்த காலமென்றால் வைக்கோல் மணம். அவசரப்படாதீர்கள். வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடுகிற ஊர்கள் இவை. மழை முடிந்து வேளாண்மை வெட்டிய பிறகு வந்தால், இரவில் எங்காவது மத்தளச் சத்தம் கேட்கக்கூடும். கேட்டால் போங்கள். அழைப்பு வேண்டாம், விடியும்வரை இருக்கப் பாய் தருவார்கள். மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. மந்திரம் என்று சொல்வார்கள். உபசாரம்தான், வேறொன்றுமில்லை.

மத்தியானத்துக்குள் மண்டூர் முருகன் கோயிலை அடையலாம். கதிர்காமத்து முறை. பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். திரைக்குப் பின்னால் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. சின்ன வயதில் அம்மம்மாவோடு ஆவணித் தீர்த்தத்துக்கு வரும்போது, இவ்வளவு சனம் ஒரே நேரத்தில் இப்படி அமைதியாக நிற்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போது அந்த அமைதிக்காகவே வருகிறேன்.

இனித்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான இடம். மண்டூர்த் துறைக்குப் போங்கள். அங்கிருந்து எதிர்க்கரைக் குருமண்வெளிக்குப் பாதை. நான் கடைசியாகப் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. போவதற்கு முன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள், பாலம் கட்டும் பேச்சு நெடுநாளாக உண்டு. கட்டட்டும், சனத்துக்கு அதுதான் தேவை. ஆனால் பாதை இருக்கும்வரை அதில் ஏறிவிடுங்கள். மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஏற்றி, நெல் மூட்டைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நடுவில் நின்று, எஞ்சின் சத்தத்தோடு மெல்ல நகரும்போது கரை பின்னால் போகும். முதல் நாள் கோட்டையில் நின்று தேடிய துறைமுகம் இதுதான். நானூறு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் நெல்லும் ஆளும் கரை மாறியிருக்கும், எஞ்சினுக்குப் பதில் சவளும் துடுப்பும்.

குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிகுடிப் பெரிய வீதி. வடக்கே திரும்பினால் ஒரு மணித்தியாலத்துக்குள் மட்டக்களப்பு.

நாலாவது நாள் இருந்தால்

தெற்கே போங்கள் என்பேன். மருதமுனையில் கைத்தறிச் சாரனும் சேலையும், காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த இடம், சம்மாந்துறை வயல்வெளி. இன்னும் கீழே ஒலுவில். அங்கே 2013இல் ஒரு நவீன துறைமுகம் திறந்தார்கள். வாயில் மணல் அடைத்தது, பக்கத்து ஊர்களின் கரையைக் கடல் அரித்தது, மீனவர்களும் தென்னந்தோட்டக்காரர்களும் நிலத்தை இழந்தார்கள். முகத்துவாரத்து மணலைப் பார்த்துவிட்டு ஒலுவில் அலைத்தடுப்பைப் பார்த்தால், இந்தக் கரையில் மணல் எப்படி நகர்கிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

வடக்கே போவதென்றால் பாசிக்குடா. குளிக்க நல்ல கடல், இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஆழ்கடல் மூழ்குபவர்களுக்கு 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த அனுபவம் இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

புறப்படும்போது

தயிர்ச் சட்டி வாங்காமல் போகமாட்டீர்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். புறப்படுகிற நாள் பின்னேரம் வாங்குங்கள், அன்று காலை உறைந்ததா என்று கேட்டு. மேலே கட்டியிருக்கும் தாளைக் கடைக்காரரிடம் சொல்லி இன்னொரு தடவை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கயிற்றுப் பிடி வைத்துத் தருவார். பொலித்தீன் பைக்குள் வைத்தால் வெப்பத்தில் நீர் விடும். இரவு ரயிலில் ஏறியதும் இருக்கைக்குக் கீழே, உங்கள் பைக்கும் சுவருக்கும் நடுவில் சட்டியை அசையாமல் வையுங்கள். மேல் தட்டில் வைக்க வேண்டாம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் விடிய இறங்கும்போது உடையாமல் இருந்தால், மத்தியானச் சோற்றுக்கு அது சரியான பதத்தில் இருக்கும்.